நம் கை பட்ட நாயகர்கள்

கண்ணுக்குத் தெரியாத மனிதனைப் படமாக வரைவது எப்படி? 1962-ல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் ‘ஸ்டீல் க்ளா’ தொடரை வரைய உட்கார்ந்த ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவுக்கு இதுதான் சோதனை. நாயகன் லூயிஸ் கிராண்டெலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். விபத்தில் போன வலது கைக்குப் பதிலாகப் பொருத்திய எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். பிளாஸ்கோ அந்தக் கையையே முகமாக்கிவிட்டார். கதவிடுக்கில் நுழையும்போது விரல்களில் தயக்கம் தெரியும். துப்பாக்கியைப் பிடுங்கும்போது மணிக்கட்டில் கோபம் தெரியும். கண்ணும் வாயும் செய்ய வேண்டிய வேலையை விரல் மூட்டுகள் செய்துவிடும்.

பத்து ஆண்டு கழித்து, 1972-ல், அந்தக் கை சிவகாசி வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. ஸ்பானிய ஓவியர், பிரிட்டிஷ் பத்திரிகை, சிவகாசி அச்சகம் என்று மூன்று கைகள் சேர்ந்து நமக்குக் கொடுத்த சூப்பர் ஹீரோ அவர். குரோம்பேட்டையில் என் அலமாரியின் மேல்தட்டு மாயாவிக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும். அடுத்த தட்டில் மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ.ஜோ பொம்மை வீரர்கள். அதற்கும் கீழே ஆறு அங்குல மார்வெல், டி.சி. நாயகர்கள். வளர்ந்த ஆளுக்கு இதில் என்ன ரசனை என்று கேட்பவர்களை நான் முதலில் மேல்தட்டுக்கு அழைத்துப் போவேன். நாயகன் எந்த நாட்டில் பிறந்தான் என்பதைவிட, நம் ஊர்க் கை அவன்மேல் பட்டபோது என்ன ஆனான் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் வந்தது. அதே மாதம் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டை முன்னிறுத்திக் கடைக்கு வந்தது. பெட்டிக்கடைக் கயிற்றில் சித்திரக்கதைகள் வரிசையாகத் தொங்கிய காலம் அது. லயனுக்குப் பெரும் பேர் வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவன் ஸ்பைடர். இவனைச் சிலந்தி மனிதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1965-ல் பிரிட்டனின் ‘லயன்’ வார இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைய, பிறந்தவன். கூர் காது, ஒட்டிய கன்னம், கருப்பு உடை. உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்ற ஆசை. பிறகு குற்றத்துக்கே எதிரியாக மாறுகிறான். இந்தத் தொடரைப் பின்னால் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். 1938-ல் வெளிவந்த சூப்பர்மேனை ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து படைத்த அதே சீகல்தான். ஆக, சூப்பர்மேனின் தகப்பனார் எழுதிய கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகள் அவர் பெயர் தெரியாமலே படித்து வளர்ந்திருக்கிறார்கள்.

ரெக் பன்னின் கோடுகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பைடரின் முகத்து நிழல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த மெல்லிய பேனாக் கோடுகள். கன்னக்குழியில் கோடுகள் நெருங்கும், மூக்குத்தண்டில் விலகும், காதுக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கட்டிக் கருப்பாகும். சாணித்தாளில் அச்சாகும்போது மை கொஞ்சம் பரவி, நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதனால் தமிழ்ப் பிரதிகளில் ஸ்பைடர் இன்னும் இருண்டவனாக, இன்னும் கொடூரனாகத் தெரிகிறான். அச்சகத்தில் யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. ஆனாலும் அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்திவிட்டது. வழவழப்பான தாளில் வந்த புதிய வெளிநாட்டுப் பதிப்பில் கோடுகள் சுத்தமாக இருக்கின்றன. நம் ஸ்பைடரின் அந்த இருட்டு மட்டும் அதில் இல்லை.

அட்டைகள் தனி விருந்து. காலண்டர்களுக்குப் பேர்போன ஊர் சிவகாசி. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் சாமி படங்களுக்குத் தந்த அந்தத் தகதகக்கும் மஞ்சளும் நீலமும் சிவகாசி அச்சு வழியாகத் தமிழ்நாட்டுச் சுவர் முழுக்கப் பரவியவை. அதே ஊரில் வந்த காமிக்ஸ் அட்டைகளில் அந்த வண்ண மரபின் சாயல் எனக்குத் தெரிகிறது. உள்ளே கறுப்பு வெள்ளையில் லண்டன் மூடுபனி. அட்டையிலோ ரத்தச் சிவப்பில் வானம், கிளிப்பச்சையில் வில்லன், வெயிலில் காய்ந்த கன்னத்தோடு நாயகன். என்னிடம் உள்ள சில அட்டைகளில் சிவப்பு மட்டும் மயிரிழை விலகி விழுந்திருக்கிறது. அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றிருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தப் பிரதிகளை எதற்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

இதே கதை பிளாஸ்டிக்கிலும் நடந்திருக்கிறது. 1987-ல் அமெரிக்க ஹாஸ்ப்ரோவும் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கின. தொழிற்சாலை கோவாவில், பின்னாளில் நம் ராணிப்பேட்டையிலும் அமைந்தது. ஹாஸ்ப்ரோ 1964-ல் ஜி.ஐ.ஜோவைப் பன்னிரண்டு அங்குல ஆளாகத்தான் விற்றது. 1982-ல் அவனை மூன்றே முக்கால் அங்குலமாகச் சுருக்கி, கூடவே மார்வெல் காமிக்ஸையும் இறக்கியது. அந்தக் காமிக்ஸை எழுதிய லாரி ஹாமாதான் பொம்மை அட்டையின் பின்பக்கம் வரும் வீரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் எழுதினார். 1984-ல் வந்த 21-வது இதழில் ஒரு வசனம்கூட இல்லாமல், படங்களை மட்டும் வைத்து முழுக்கதையையும் சொல்லி முடித்தார். காமிக்ஸும் பொம்மையும் ஒரே பேனாவிலிருந்து வந்த அபூர்வம் இது.

முதல் வரிசையில் வந்த ஸ்னேக் ஐஸ் முழுக்க கருப்பு. பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்க, அந்த ஒருவனை மட்டும் வண்ணமே பூசாமல் கருப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்து அனுப்பினார்கள். முகம் தெரியாத, வாய் பேசாத அந்த வீரன்தான் அந்த வரிசையிலேயே பெரிய நாயகன் ஆனான். கைவினையில் கட்டுப்பாடும் சிக்கனமும் சில நேரம் எவ்வளவு பெரிய அழகைப் பெற்றுத் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் அந்த வரிசை 1994-ல் முடிந்தது. கோவாவில் ஃபன்ஸ்கூல்காரர்கள் அதன் பிறகும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்ப்பு அமெரிக்க வார்ப்பு. ஊற்றிய பிளாஸ்டிக்கும் பூசிய வண்ணமும் இங்கே முடிவானவை. அங்கே பாசிப்பச்சையில் வந்த சட்டை இங்கே வேறு பச்சையில் வரும். பழுப்பு இருந்த இடத்தில் மஞ்சளோ ஆரஞ்சோ உட்காரும். ஒரே வீரன் இரண்டு மூன்று நிறங்களில் வந்ததும் உண்டு. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சேகரிப்பாளர்கள் இந்த இந்திய ஜோக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். தங்கள் ஊரில் கிடைக்காத நிறத்துக்காகத்தான் இத்தனை தேடலும்.

என்னிடம் உள்ள ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டுகிறேன். முதுகில் ஒற்றைத் திருகு. அதைக் கழற்றினால் மார்பு இரண்டாகத் திறக்கும். உள்ளே ஒரு சின்னக் கருப்பு ரப்பர் வளையம், அதில் மாட்டிய ஓர் உலோகக் கொக்கி, கொக்கியில் இரண்டு கால்கள். இடுப்பு சுழல்வதும், கால் மடங்குவதும், உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே நிற்பதும் அந்த வளையத்தின் இழுவிசையால்தான். சென்னை வெயிலில் ரப்பர் காய்ந்து ஒரு நாள் பட்டென்று அறும். ஆள் இடுப்போடு இரண்டாகிவிடுவான். பதற வேண்டாம். சரியான அளவு ஓ-ரிங் மோட்டார் மெக்கானிக் கடையிலேயே கிடைக்கும். திருகைக் கழற்றி மாட்டினால் பிழைத்துக்கொள்வான். பிழைக்காதது கட்டைவிரல். துப்பாக்கியைத் திணித்துத் திணித்துப் பல வீரர்களுக்கு அது உடைந்திருக்கும். பழைய ஜோவை வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டைவிரலைப் பாருங்கள்; அடுத்து முழங்கையில் கீறல் உண்டா என்று பாருங்கள்.

இவற்றைத் தேட குரோம்பேட்டைக்காரர்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. மின்சார ரயிலில் அடுத்த நிலையம் பல்லாவரம். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் செடியும் புறாவும் பழைய மிக்சியும் ஒரே வரிசையில் கிடக்கும். சாக்கை விரித்துக் கொட்டிய உடைந்த கார்களுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவே குனிந்து பார்க்கும் பொறுமை வேண்டும். புத்தகமென்றால் பழைய பேப்பர் கடைகள். வீட்டைக் காலி செய்பவர்கள் எடைக்குப் போட்ட கட்டில் சில நேரம் பைண்டு செய்த தொகுதி ஒன்று இருக்கும். அதை வாங்கும்போதும் கவனம் வேண்டும்: பைண்டிங் செய்தவர் ஓரத்தை வெட்டிச் சமன்படுத்தியிருப்பார், அதோடு படத்தின் விளிம்பும் போயிருக்கும். அட்டைகளைக் கிழித்துவிட்டுத் தைத்திருப்பதும் உண்டு. அட்டையோடு, ஓரம் வெட்டாமல், பின் துருவேறாமல் ஒரு பழைய முத்து காமிக்ஸ் கிடைத்தால் அது பெரும் பேறு.

சென்னையில் பழைய புத்தகமென்றாலே மூர் மார்க்கெட் என்றிருந்தது. 1985-ல் அது எரிந்துபோனது. அதற்கு முன் அங்கே மலிவாகக் கிடைத்தவற்றின் நினைவை மூத்த சேகரிப்பாளர்கள் சொல்லக் கேட்க வேண்டும். இன்றைய தலைமுறைக்கு வேறு வாசல்கள் உண்டு. 2012 ஜனவரியில் லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ இதழோடு புதுத் தெம்பாகத் திரும்பி வந்தபிறகு, லயன்-முத்து ஸ்டாலில் நரைத்த தலைகள் வரிசையில் நிற்பது சென்னைப் புத்தகக் காட்சியின் அழகுகளில் ஒன்று. 2024-ல் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்குக் காமிக் கானும் வந்துவிட்டது.

வாங்குவதைவிடக் காப்பாற்றுவது பெரிய வேலை. சாணித்தாளில் உள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். அதை நிறுத்த முடியாது, தள்ளிப்போட முடியும். புத்தகத்தைப் படுக்கவைத்து, இருட்டில், ஈரம் இழுக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். இராமபாணப் பூச்சிக்கு நம் பாட்டிமார் வைத்தியமான வசம்பை நானும் துணியில் முடிந்து வைக்கிறேன். பொம்மைகளுக்கு எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மெத்தென்ற பி.வி.சி. பொம்மையை உஷ்ணத்தில் பெட்டிக்குள்ளேயே பூட்டிவைத்தால், அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வெளியே கசிந்து பிசுபிசுக்கும். அதனால்தான் பெட்டியை உடைக்காமல் வைப்பதுதான் உத்தமம் என்ற கட்சியில் நான் சேரவில்லை. காற்றோட்டமான அலமாரியில், நேர் வெயில் படாமல், கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி வைப்பதே பொம்மைக்கும் நல்லது, ரசிகனுக்கும் நல்லது.

கீழ்த்தட்டில் இருக்கும் இன்றைய ஆறு அங்குல நாயகர்களின் வேலைப்பாடு வேறு ரகம். ‘மார்வெல் லெஜண்ட்ஸ்’ வரிசையின் நல்ல ஸ்பைடர்மேனுக்கு முழங்கையில் இரட்டை மூட்டு, தோளில் முன்னும் பின்னும் மடங்கும் பட்டர்ஃபிளை மூட்டு. இத்தனை மூட்டும் இருந்து, நிமிர்த்தி நிற்கவைத்தால் ஒன்றும் கண்ணை உறுத்தக் கூடாது. சிற்பியின் திறமை அங்கேதான். சட்டத்தின் கை இதிலும் உண்டு. பொம்மை இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். விலை ஏறியது வருத்தம்தான். ஆனால் கோவாவில் அன்று நடந்ததுபோல இங்கேயே வார்த்து, இங்கேயே வண்ணம் பூசி, நமக்கென்று ஒரு நிறத்தில் நாயகர்களைச் செய்ய இது ஒரு வாய்ப்பு. இரும்புக்கை மாயாவியிலிருந்தே யாராவது தொடங்கலாம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் உடம்பு, எஃகு நிறத்தில் வலது கை: பிளாஸ்கோ தாளில் தீர்த்த சிக்கலை ஒரு தமிழ்ச் சிற்பி பிளாஸ்டிக்கில் தீர்த்துக் காட்ட வேண்டும்.

சிறுவனுக்குக் கதை போதும். அடுத்து என்ன என்ற பதைப்பில் பக்கத்தைப் புரட்டிவிடுவான். ஒரு கட்டத்தில் நின்று, இந்த நிழல் எங்கிருந்து விழுகிறது, இந்த மஞ்சளை இங்கே வைக்க யாருக்குத் தோன்றியது என்று கேட்பதற்கு வயது வேண்டும். கோடு இழுத்தவர், மை கலந்தவர், தமிழில் வசனம் எழுதி இங்கிலீஷ் அளவுக்குப் போட்ட சின்ன பலூனுக்குள் அடக்கியவர், தொழிற்சாலையில் கண்ணுக்குக் கருப்பு வைத்தவர் எனப் பெயர் பதியாத எத்தனையோ பேருடைய உழைப்பு வளர்ந்த கண்ணுக்குத்தான் அகப்படுகிறது. அவர்களைப் பற்றிய பதிவேடு எதுவும் என் கைக்கு எட்டியதில்லை. எனக்குக் கிடைக்கும் சான்று, அவர்கள் கைபட்ட இந்தப் பொருள்கள்தான்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய பழைய நூல்களையும் இதழ்களையும் விளம்பரத் துண்டுகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பே 1994-ல் ஆராய்ச்சி நூலகமாகி, இன்று தரமணியில் தமிழ் அச்சு வரலாற்றைத் தேடி வருகிறவர்களுக்கு முதல் வாசலாக நிற்கிறது. நம் சித்திரக்கதைகளுக்கும் பொம்மைகளுக்கும் அந்த மரியாதை கிடைக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்கள் முதல் எண்ணிலிருந்து வரிசையாக, அட்டையோடு, ஓரம் வெட்டாமல் அடுக்கிய ஓர் அறை. பக்கத்தில் கோவாவில் வார்த்த வீரர்களுக்கு ஒரு கண்ணாடி அலமாரி. அப்படி ஓர் அறை திறந்தால், அதன் இடைவெளிகளை நிரப்பத் தங்கள் பிரதிகளைக் கொடுக்கச் சேகரிப்பாளர்கள் முன்வர வேண்டும். என் மேல்தட்டை நான் கொடுப்பேன்.