மீதியை வெள்ளித்திரையில் காண்க

அந்தக் காலச் சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, பாட்டுகளுக்கு முன்னால் வரும் கதைச் சுருக்கம். நாயகன் சிறையில், நாயகி மணமேடையில் என்று முடிச்சை இறுக்கிவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும்.

மதுரைக்காரர் அன்றே கொட்டகைக்குப் போகலாம். மலாயாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அது நடக்காது. சிரம்பான் நகரைத் தாண்டிப் படம் வண்டியில் வர வேண்டும், திடலில் வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அதுவரை மீதிப் படத்தை லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) மக்களே எடுத்தார்கள். 1958இல் வந்த ‘நாடோடி மன்னன்’ போல இரட்டை வேடமென்றால் கற்பனைக்குக் கொண்டாட்டம்தான்.

ரப்பர் பால் நிறுக்கும் வரிசையில் ஒருவர் தம் முடிவைச் சொல்வார். அடுத்தவர் உடனே மறுப்பார்: “தங்கச்சியச் சாகடிச்சிட்டா அந்தத் தாய்க்கு யாருண்ணே இருக்கா?” பாத்திரத்தின் நியாயத்தைக் கேட்கும் இந்தக் கேள்வியை நான் அசல் விமர்சனம் என்பேன். கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 1950இல் கதை வகுப்பு நடத்தி எழுத்தாளர்களை வளர்த்தது. லயத்து வாசலில் அதே பயிற்சி தாளும் பேனாவும் இல்லாமல் நடந்தது.

படம் வந்து முடிவு வேறாக இருந்தாலும், “பெரியம்மா சொன்னதுதான் சரி” என்று நாள்கணக்கில் வாதாடுவார்கள்.