திணையும் சூழ்நிலை மண்டலமும்: ஒப்பீட்டின் எல்லைகள்

அண்மைக்கால ஆய்வேடுகள் பலவற்றில் திணைக்கோட்பாடும் சூழ்நிலை மண்டலக் கோட்பாடும் ஒன்றே என்னும் முடிபு ஏறக்குறைய வாய்பாடாகவே இடம்பெற்று வருகிறது. உயிரிகளையும் அவற்றைச் சூழ்ந்த உயிரற்ற கூறுகளையும் ஒரே அமைப்பாகக் காணவேண்டும் என 1935இல் டான்ஸ்லி உரைத்தார். அதனைத் தொல்காப்பியர் முன்னரே உரைத்துவிட்டார் என்றும், முதற்பொருள் உயிரற்ற கூறு, கருப்பொருள் உயிர்க்கூறு என்றும் பொருத்திக் காட்டுவர். உரிப்பொருளை எங்குப் பொருத்துவது என்னும் வினா எழுமிடத்து இவ்வாய்வேடுகள் பெரும்பாலும் மௌனம் காக்கின்றன.

இப்பொருத்தம் மேலோட்டமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து. சூழ்நிலை மண்டலம் என்பது உயிரிகளின் பட்டியல் அன்று. அவற்றிடையே நிகழும் ஆற்றல், சத்துப்பொருள் ஆகியவற்றின் பரிமாற்றம். கருப்பொருளோ தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, செய்தி, யாழ் எனச் செல்லும் வைப்புமுறை. பறையும் யாழும் அதில் உள்ளன. இறந்தவற்றை மட்கச் செய்து மண்ணுக்கு மீட்டளிக்கும் சிதைப்பான்களுக்கு அதில் இடமில்லை. எந்நிலத்துப் பூவும் புள்ளும் தத்தம் நிலத்தோடு பொருந்தாது வரினும் வந்த நிலத்தின் பயனாகவே கொள்ளப்படும் எனத் தொல்காப்பியரே விதிவிலக்கு அளித்திருப்பதும் கருதத்தக்கது. உயிரியல் அட்டவணை வகுப்பவர் அத்தகைய விலக்கை அளிக்கமாட்டார்; கவிதைக்கு இலக்கணம் வகுப்பவர் அளிப்பார்.

அங்ஙனமாயின் சங்கப் பாடல்களில் சூழலியலே இல்லையா? உண்டு. அதனைத் தேடவேண்டிய இடம் கருப்பொருள் நூற்பா அன்று, உள்ளுறை. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறப்பது உள்ளுறை என்பது இலக்கணம். பட்டியலில் தனித்தனியே நின்றவை உள்ளுறையில்தான் ஒன்றோடொன்று உறவு கொள்கின்றன.

குறுந்தொகை 8ஆம் பாடலைக் காண்போம். வயலருகே நிற்கும் மாமரத்தின் முதிர்ந்த கனி தானே உதிர, பொய்கையிலுள்ள வாளை அதனைக் கவ்வுகிறது. நிலத்தில் விளைந்தது நீர்வாழ் உயிரிக்கு உணவாவதைச் சூழலியலார் இரு மண்டலங்களுக்கு இடையிலான சத்துப் பெயர்வு என்பர். வாளை பிற மீன்களைக் கொன்றுண்ணும் நன்னீர் மீன். வேட்டையாடும் இயல்புடைய அம்மீனுக்கு இங்கு வேட்டையே வேண்டியிருக்கவில்லை. தன்னைப் புறங்கூறிய தலைவியின் பாங்காயினார் கேட்கப் பரத்தை கூறும் கூற்று இது என்பதை நினைவிற்கொண்டால், அவன் தானே வந்தான், நான் பறிக்கவில்லை என்னும் அவளது வாதம் அம்மீனின் இயல்பிலேயே அடங்கியிருப்பது புலனாகும். வாளையைக் கண்டறியாத மாணவர்க்குத் தமிழகத்திற்கு வெளியே இப்பாடலைக் கற்பிக்கும்போது, சொற்பொருள் விளங்கியும் குத்தல் விளங்காமற் போவதற்குக் காரணமும் இதுவே.

நூற்பா விட்ட சிதைப்பான்களும் பாடலில் வருகின்றன. அகநானூறு 8ஆம் பாடலில் ஆண்கரடி ஈயற்புற்றை அகழ்ந்து குரும்பியை உண்கிறது. புற்றாஞ்சோறு என உரைகாரர் கூறும் அக்குரும்பி, மட்கும் தாவரப் பொருளைக்கொண்டு கறையான் வளர்க்கும் பூஞ்சைத் திரள். தாவரம், பூஞ்சை, கறையான், கரடி என்னும் தொடர் முழுவதும் ஒரு சொல்லின் பின்னே நிற்கிறது.

இயற்கையோடு இயைந்த வாழ்வு என்னும் தொடரைக் கையாள்வோர் குறுந்தொகை 37ஆம் பாடலைத் தவறாது மேற்கோள் காட்டுவர். பிடியின் பசியைக் களையக் களிறு யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. அன்பின் காட்சி என்பதில் ஐயமில்லை. ஆயின் பட்டையின் வழியே இலையின் உணவு வேருக்குச் செல்கிறது; அடிமரப் பட்டை சுற்றிலும் உரிக்கப்படின் மரம் பட்டுப்போகும். பிடிக்கு அன்பாவது யாவுக்கு ஊறு. பிரிந்த தலைவன் இக்காட்சியைக் கண்டு மீள்வான் எனத் தோழி தேற்றுகிறாள். அந்தத் தேறுதலுக்குள் உரிபடும் மரமும் நிற்கிறது. அதனை இயைபு என ஒரு சொல்லில் அடக்கும் உரை பாடலின் பாதியையே படிக்கிறது.