உரையாடலுக்கு அழைக்கப்பட்டவர்கள்

1998இல் ஷெல் நிறுவனம் 'இலாபமும் கொள்கைகளும்: ஒன்றைத்தான் தெரிய வேண்டுமா?' என்ற பொருளில் தலைப்பிட்ட அறிக்கையொன்றை வெளியிட்டது. பெருநிறுவனங்கள் 'சம்பந்தப்பட்ட தரப்பினருடன்' பேசத் தொடங்கியதற்கு முன்மாதிரியாக இதைக் காட்டுவோர் இன்றும் உள்ளனர். இத்தரப்பினரைத் தமிழில் 'பங்குதாரர்' என்றே நாம் எழுதிவிடுகிறோம். பங்குப்பத்திரம் வைத்திருப்பவனுக்கும் அதே சொல்தான். இது வெறும் மொழிக் குழப்பம் என்று எனக்குத் தோன்றவில்லை.

1995இல் 'பிரெண்ட் ஸ்பார்' என்ற எண்ணெய்ச் சேமிப்பு மிதவையை அத்திலாந்திக் கடலில் அமிழ்த்த ஷெல் முயன்றது. கிறீன்பீஸ் அதில் ஏறிக் குந்தியது. ஜேர்மனியில் சனங்கள் ஷெல் பெற்றோலைப் பகிஷ்கரித்தனர். ஜூன் 20இல் ஷெல் பின்வாங்கியது. (மிதவையில் எஞ்சியிருந்த எண்ணெயின் அளவைத் தவறாகச் சொன்னதற்குக் கிறீன்பீஸ் பிறகு மன்னிப்புக் கேட்டது, அது வேறு விடயம்.) அதன் பின்னரே லண்டனிலும் கொப்பன்ஹேகனிலும் வேறு நகரங்களிலும் கலந்துரையாடல்கள் நடந்தன. அவை வெறும் நாடகமென்று நான் சொல்லமாட்டேன். மிதவை வெட்டப்பட்டு, இங்கே நோர்வேயில், ஸ்தவாங்கருக்கு அருகே ஓர் இறங்குதுறைக்கு அத்திவாரமாயிற்று.

ஆனால் அதே 1995 நவம்பர் 10இல் கென் சாரோ-விவாவையும் எட்டு ஒகோனியரையும் நைஜீரிய இராணுவ அரசு தூக்கிலிட்டது. தமது மண்ணையும் எண்ணெய் வருமானத்தில் தமக்குரிய பங்கையும் கேட்டவர்கள் ஒகோனியர். 'தரப்பினர்' என்ற சொல்லுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? மேற்சொன்ன அறிக்கை நைஜீரியாவைப் பற்றியும் பேசத்தான் செய்கிறது. எனினும் ஹம்பேர்க்கில் கார் ஓட்டுபவன் அடுத்த பெற்றோல் நிலையத்துக்குப் போய்விடலாம், ஒகோனி விவசாயி எங்கே போவான்? விலகிப்போகக் கூடியவனின் குரல்தான் உரையாடலாகிறது. மற்றவனுடையது முறைப்பாடாகவே கிடக்கிறது.

2009இல், வழக்கு விசாரணைக்கு வரவிருந்த வேளையில், குற்றத்தை ஏற்காமலே 15.5 மில்லியன் டொலர் கொடுத்து ஷெல் சமரசம் செய்தது. 2011இல் ஐ.நா. சுற்றாடல் திட்டம் ஒகோனி நிலம் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஓரிடத்துக் கிணற்று நீரில் பென்சீன், உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிட 900 மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நிலம் மீள 25 முதல் 30 வருடங்கள் செல்லலாம் என்றது அவ்வறிக்கை.

கருத்துக் கேட்டு அறிக்கை வெளியிட்டுப் பத்து வருடங்களின் பின், 2008இல், போடோவில் ஷெல் குழாய்கள் கசிந்தன. 2015இல் அச்சமூகத்துக்கு 55 மில்லியன் பவுண் கொடுக்க ஷெல்லின் நைஜீரியக் கிளை உடன்பட்டது. அதற்கு அம்மீனவர்கள் லண்டன் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.