மாளிகைகள் சொல்வதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் பர்மிங்காம் உயர்மறைமாவட்டத்துப் பங்கு ஒன்றில் ஒரு மாதம் உதவிப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்பங்கின் முதியோர் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் சுற்றுலா செல்வது வழக்கம். அவ்வாண்டு அவர்கள் தேர்ந்தெடுத்தவை வார்விக்‌ஷயரிலுள்ள மூன்று பழைய மாளிகைகள்: பேக்வுட், பேட்ஸ்லி கிளின்டன், கோட்டன் கோர்ட். என்னையும் உடன் அழைத்துச் சென்றனர். அழகைக் காணப் போனேன்; அழகு நிறையவே இருந்தது. ஆனால் திரும்பி வந்தபின் மனத்தில் தங்கியது அதுவன்று.

இத்தகைய மாளிகைகளில் பலவற்றை இன்று காப்பது, 1895-இல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் என்னும் அமைப்பு. அதை நிறுவிய மூவருள் ஒருவர் ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் ஆங்கிலிக்கன் குரு. வரிச்சுமையும் பராமரிப்புச் செலவும் தாங்காத பிரபுக் குடும்பங்கள் 1937-க்குப் பிறகு வீடுகளை ஒவ்வொன்றாக அதனிடம் ஒப்படைத்தன. எனவே இன்று நாம் காண்பது ஒரு குடும்பத்தின் வீட்டை மட்டுமன்று. பின்வந்தோர் சேர்த்தும் நீக்கியும் பதிப்பித்துத் தந்த ஒரு நூலை. நூலென்றால் திறனாய்வுக்கும் இடமுண்டு. தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியாதிக்கத்தோடும் அடிமை வாணிகத்தோடும் இருந்த தொடர்பை அவ்வமைப்பே 2020-இல் அறிக்கையாக வெளியிட்டபோது, தோட்டத்தையும் தேநீரையும் நாடி வருவோர் பலர் சினந்தனர். பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு எழுதினால் வாசகர் சிலருக்குப் பிடிப்பதில்லை.

முதலில் பேக்வுட். வீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொழிலதிபர் ஒருவரின் மகனான கிரஹாம் ஆஷ், 1920-களிலும் 30-களிலும் பழைய மரச்சட்டங்களையும் திரைச்சீலைகளையும் எங்கெங்கிருந்தோ வாங்கிவந்து, மாட்டுக் கொட்டிலைப் பெருங்கூடமாக மாற்றி, ஒரு பழங்காலத்தைப் புதிதாகச் சமைத்தார். 1941-இல் கொடையாக அளித்துவிட்டார். நேர்த்தியான வேலை, உயிர் குறைவு.

தோட்டம் வேறு. யூ என்னும் பசுமை மாறா மரங்களைக் கூம்புகளாகக் கத்தரித்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு மலைப்பொழிவு என்று பெயர். சிறு குன்றின் உச்சியில் தனித்து நிற்கும் மரம் ஆண்டவர். கீழே நால்வர் நற்செய்தியாளர், பன்னிருவர் திருத்தூதர். புல்வெளியெங்கும் மக்கள் கூட்டம். 17-ஆம் நூற்றாண்டில் ஜான் ஃபெதர்ஸ்டன் நட்டது என்பது மரபு. ஆனால் அப்பெயர் 19-ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. கூட்டமாக நிற்கும் மரங்களிற் பலவும் அக்காலத்தில் நடப்பட்டவை என்பர். இது குறையன்று. யாரோ நட்ட மரங்களில் பின்வந்தவர் நற்செய்தியைப் படித்தது பக்தியான வாசிப்புத்தான். என் குறை வேறு. மத்தேயுவின் பக்கத்தில் இயேசு அமர்கிறார். சீடர் அருகே வருகின்றனர். இங்கோ அவர் உச்சியில் தனியே நிற்கிறார். சுழல் பாதையில் ஏறினால்தான் அவரிடம் போகலாம். ஏழையரை முதலில் வாழ்த்தும் அப்பொழிவு, ஒரு நிலக்கிழாரின் கைக்குப் போனதும் பதவி வரிசையாகிவிட்டது. கத்தரிக்கோல் படாத ஒரு மரம்கூட அக்கூட்டத்தில் இல்லை.

அங்கிருந்து இரண்டு மைல் தொலைவில் பேட்ஸ்லி கிளின்டன். அகழி சூழ்ந்த சாம்பல்நிறக் கல் வீடு. மாளிகை என்று சொல்லவும் தயங்கும் அளவுக்கு அடக்கமானது. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. என்னை மிகவும் கலங்கவைத்ததும் இதுவே.

15-ஆம் நூற்றாண்டில் இவ்வீட்டுக்கு உரியவரான நிக்கோலஸ் புரூம், தம் மனைவியிடம் அளவுமீறிப் பழகினார் என்று பங்குக் குருவை வீட்டிலேயே கொன்றார் என்பது வரலாறு. மன்னிப்புப் பெற்று, கழுவாயாகப் பேக்வுட்டிலும் பேட்ஸ்லியிலும் கோயில்களுக்குக் கோபுரம் எழுப்பினார். வருவோர் போவோர் தம்மை மிதிக்கவேண்டும் என்று கோயில் வாசலில் நின்றநிலையில் புதைக்கப்பட்டார் என்கிறார்கள். வழிகாட்டி இதைச் சுவையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். பக்கத்திலிருந்தவர் என் கழுத்துப்பட்டையைப் பார்த்துவிட்டு மீண்டும் சிரித்தார்.

அதே குரலில், அதே சுவையோடு அடுத்த கதை வந்தது. 1591 அக்டோபர். வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர்கள் ஆன் வோக்ஸ் என்னும் பெண்மணியும், அவருடைய விதவைச் சகோதரி எலினோர் புரூக்ஸ்பியும். இயேசு சபைத் தலைவர் ஹென்றி கார்னெட், கவிஞர் இராபர்ட் சவுத்வெல், ஜான் ஜெரார்டு முதலிய குருக்கள் அங்கே கூடியிருந்தனர். ஜெரார்டு தம் வரலாற்றில் வீட்டின் பெயரைச் சொல்லவில்லை; அது இதுவே என்பது ஆய்வாளர் துணிபு. வைகறையில் சவுத்வெல் திருப்பலி தொடங்கும் வேளையில் சோதனைப்படை கதவை இடித்தது. திருவுடைகள் மறைக்கப்பட்டன, படுக்கையின் சூடு காட்டிக்கொடுக்காதிருக்க மெத்தைகள் புரட்டப்பட்டன. குருக்கள் கீழே கழிவுநீர்ச் சுரங்கத்தில் இறங்கி, நீரில் நான்கு மணிநேரம் நின்றனர். படையினர் தேடிச் சலித்து, கூலியும் பெற்றுக்கொண்டு போயினர். சவுத்வெல் 1595-இலும் கார்னெட் 1606-இலும் கொல்லப்பட்டனர். இத்தகைய மறைவிடங்களைப் பல வீடுகளில் அமைத்த தச்சர் நிக்கோலஸ் ஓவன் 1606-இல் சித்திரவதையில் இறந்தார். அவரும் சவுத்வெல்லும் 1970-இல் புனிதராக உயர்த்தப்பட்டனர்.

சமையலறைத் தரையில் பதித்த கண்ணாடி வழியே அச்சுரங்கத்தைக் காணலாம். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சிறுவன் தன் முறைக்குக் காத்திருந்தான். அவனுக்கு அது கண்ணாமூச்சி விளையாட்டு. வழிகாட்டியின் உரையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. எதற்காக ஒளிந்தார்கள் என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்தது. எப்படி ஒளிந்தார்கள் என்பது அரைமணி நேரம். திருப்பலி இல்லாமல் அம்மனிதர் ஏன் வாழமுடியவில்லை என்ற கேள்வி அங்கே யாருக்கும் எழவில்லை.

இவ்வளவும் எழுதியபின் என் பங்குக் குறையையும் சொல்லவேண்டும். ஜெரார்டின் விவரிப்பில் வாசலில் நின்றவர்கள் பணியாளர்கள். வீட்டுத் தலைவி இன்னும் எழவில்லை என்று சொல்லிச் சொல்லி அவர்கள்தாம் படையைத் தடுத்து நிறுத்தினர். குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று 1585-இன் சட்டம் விதித்திருந்தது. அச்சட்டத்தின்படி குற்றம் சாட்டப்பட்டே யார்க் நகரத்துக் கசாப்புக் கடைக்காரரின் மனைவி மார்கரெட் கிளிதரோ மறு ஆண்டே உயிரிழந்தார். ஆபத்து பிரபுக்களுக்கு மட்டுமானதன்று. அந்தக் காலைப்பொழுதில் கதவைத் தாங்கிப் பிடித்தவர்களின் பெயர்கள் வழிகாட்டியின் உரையில் இல்லை. சவுத்வெல்லைப் பற்றி நான் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். அவற்றிலும் வாசலில் நின்றவர்கள் ஒருமுறையேனும் வந்ததில்லை.

அந்தக் குருக்களின் பணி பெரிய வீடுகளைச் சுற்றியே சுழன்றது, வடக்கிலும் மேற்கிலும் விசுவாசத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஏழை மக்களை அது கைவிட்டது என்று வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஹேய் எழுதியதுண்டு. மாணவனாக இருந்தபோது அக்கருத்து எனக்குச் சினமூட்டியது. ஒளிய இடமுள்ளவன் வீட்டில்தானே ஒளியமுடியும் என்று வாதிட்டேன். வாதம் சரியே. ஆயினும் அந்தக் கண்ணாடியின்மேல் குனிந்து நின்றபோது, அது முழு விடையாகத் தோன்றவில்லை.

மாலையில் கோட்டன் கோர்ட். 1409 முதல் திராக்மார்ட்டன் குடும்பத்தின் இருப்பிடம். 1946-இல் நேஷனல் டிரஸ்ட்டுக்கு அளிக்கப்பட்டது. அதன் வாயிற்கோபுரம் கம்பீரமானது. 1605 நவம்பரில் வெடிமருந்துச் சதி தோற்ற செய்தி இங்கே வந்துசேர்ந்தபோது, காத்திருந்தவர்களுள் கார்னெட்டும் ஆன் வோக்ஸும் இருந்தனர். இதை அவ்வீடு மறைக்கவில்லை. மறைசாட்சியும் சதியும் ஒரே கூரையின்கீழ் எவ்வளவு நெருங்கி இருந்தன என்பதைப் பார்வையாளர் உணரும்படி நேர்மையாகவே வைத்திருக்கிறது. மூன்று வீடுகளிலும் தன் கதையைக் கூச்சமின்றிச் சொல்வது இதுவே. ஸ்காட்லாந்து அரசி மேரி கொலைக்களத்தில் அணிந்தது எனப்படும் உள்ளாடை ஒன்றும் அங்குண்டு. எல்லோரும் அதைச் சூழ்ந்து நின்றனர். நான் பார்த்து நின்றது 1811-இல் தைத்த ஒரு மேலங்கியை: ஆயிரம் கினி பந்தயத்துக்காக விடிகாலையில் ஆட்டு மயிர் கத்தரித்து, நூற்று, நெய்து, சாயமிட்டு, பொழுது சாய்வதற்குள் தைத்து முடித்தது. அணிந்தவர் சர் ஜான் திராக்மார்ட்டன்.

திரும்பும் வழியில் என் அருகே அமர்ந்திருந்த மூதாட்டி, தம் பாட்டி இத்தகைய வீடொன்றில் பாத்திரம் துலக்கியவர் என்றார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது: மூன்று வீடுகளிலும் எங்கள் குழு மாடியேறியபோது அவர் சமையலறைப் பக்கமே நின்றுவிட்டார். முழங்கால் வலியென்று நினைத்திருந்தேன். “இல்லை தந்தையே, அவர் எந்த வாசலால் போய்வந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றார்.