பிரசங்க பீடத்தில் ஒரு கேள்வி: கார்ல் பார்த்தை முன்வைத்து

பிரசங்கம் என்பது நம் வட்டாரத்தில் ஒரு வசைச்சொல். 'பிரசங்கம் பண்ணாதேப்பா' என்றால், மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவனுக்குப் புத்தி சொல்லாதே என்று அர்த்தம். இந்த வசையில் நியாயம் இருக்கிறது. பீடம் உயரத்தில் இருக்கிறது. கேட்பவர்கள் குறுக்கே பேச முடியாது. பேசுகிறவர் தன் வார்த்தையைத் தன்னுடையது என்று சொல்லாமல் இன்னொருவருடையது, அதுவும் கடவுளுடையது என்று சொல்லிக்கொள்கிறார். மந்தை முழுவதையும் காத்துக்கொண்டே ஒவ்வொரு ஆட்டின் உள்மனசையும் கணக்கெடுக்கிற அதிகாரம் ஒன்றை மிஷேல் ஃபூக்கோ 1978-இல் தன் பாரிஸ் உரைகளில் விவரித்தார். அந்த மேய்ப்பு அதிகாரத்தின் நாக்குதான் பிரசங்கம் என்று முடித்துவிடலாம்.

ஆனால் இப்படி முடித்துவிட்டால் ஒரு விஷயம் வெளியே நின்றுவிடுகிறது. தான் சொல்லப்போவது உண்மைதானா என்று தெரியாமல் பீடம் ஏறியவர்களும் அந்த மரபுக்குள் இருந்திருக்கிறார்கள். டேனிஷ் சிந்தனையாளர் கீர்க்கெகார்ட் 1843-இல் வெளியிட்ட உரைகளைப் பிரசங்கம் என்று அழைக்க மறுத்தார். போதிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அவருக்கு அப்படி ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. ஒரு சபையின் சம்பளம் வாங்கி, ஞாயிறுதோறும் பேசியே தீரவேண்டியவன் என்ன செய்வான்?

சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் ஸாஃபன்வில் என்ற ஊர். 1911-இல் இங்கே போதகராக வந்த கார்ல் பார்த்துக்கு அப்போது வயது 25. நெசவாலையும் சாயப்பட்டறையும் பின்னலாடை ஆலையும்தான் ஊரின் பிழைப்பு. வந்த வருஷமே தொழிலாளர் சங்கத்தில் இயேசுவையும் சமூக நீதி இயக்கத்தையும் பற்றி உரையாற்றினார். இரண்டும் வேறுவேறல்ல என்பதாக அந்த உரை இருந்தது. ஆலை முதலாளி குடும்பத்து ஆள் ஒருவர் பத்திரிகையில் பகிரங்கக் கடிதம் எழுதிச் சண்டைக்கு வந்தார். இவரும் விடவில்லை, பதில் எழுதினார். 'சிவப்புப் போதகர்' என்று பேர் ஆயிற்று. 1915-இல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1917-இல் பின்னலாடை ஆலைப் பெண்கள் சங்கம் சேர்ந்தபோது அவர்கள் பக்கம் நின்றார்.

நம்ம ஆளுதான் என்று இந்த இடத்தில் தோழர்கள் கைதட்டிவிடக் கூடும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டைட்டானிக் மூழ்கிய அடுத்த ஞாயிறே, 1912 ஏப்ரலில், அதை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார் பார்த். லாபவெறியையும் ஆடம்பரத்தையும் கண்டித்தார். 1914-இல் யுத்தம் வந்ததும் ஒவ்வொரு ஞாயிறும் யுத்தம்தான். கடைசியில் சபையிலிருந்த ஒரு பெண், ஒரு தடவையாவது வேறு ஏதாவது பேசுங்களேன் என்று கேட்டுக்கொண்டாராம். இதைப் பின்னாளில் தன் மாணவர்களிடம் சொல்லிக்காட்டியவர் பார்த்தேதான். அந்தப் பெண்ணுக்கு யுத்தம் தெரியாமல் இல்லை. பத்திரிகை சொன்னதையே பீடத்திலிருந்தும் கேட்பதற்கு அவர் கோயிலுக்கு வரவேண்டியதில்லை.

அதே 1914 அக்டோபரில் 93 ஜெர்மன் அறிவாளிகள் தங்கள் நாட்டின் யுத்தத்தை ஆதரித்து அறிக்கை வெளியிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஹார்னாக், ஹெர்மன் என்று பார்த்துடைய ஆசிரியர்கள் இருந்தார்கள். இவர்களிடமிருந்துதான் அவர் இறையியலைக் கற்றிருந்தார். விசுவாசம் என்பது மனிதனின் உள் அனுபவம், பண்பாட்டின் உச்சம் என்று போதித்த இறையியல் அது. அந்த உள் அனுபவமே இப்போது யுத்தத்துக்கு ஆசி சொல்லிற்று. நேர்மையான அனுபவம் என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பது அம்பலமான தருணம் இது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் போலிகள் என்று சொல்லிவிட முடியாது. உருகி, நம்பித்தான் போட்டிருப்பார்கள்.

ஞாயிறு விடாமல் வருகிறது. கையில் இருந்த இறையியல் செத்துப்போயிற்று. பக்கத்து ஊர்ப் போதகரும் நண்பருமான துர்நைசனோடு மலை தாண்டி நடந்துபோய்ப் பேசிப்பேசி, 1916-இல் பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தை முதல்முறை படிப்பவர் மாதிரி எடுத்து உட்கார்ந்தார் பார்த். அந்தக் குறிப்புகள் 1919 என்ற தேதியோடு புத்தகமாயின. பிறகு முழுக்கத் திருத்தி எழுதி 1922-இல் மறுபடி வந்தது. இருபதாம் நூற்றாண்டு இறையியலைப் புரட்டிப்போட்டதாகச் சொல்லப்படும் இந்தப் பிரதி, 'வரும் ஞாயிறு என்ன சொல்வது?' என்ற கிராமத்துப் போதகரின் நெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1922-இல் ஆற்றிய இரண்டு உரைகளில் இந்த நெருக்கடியை அவர் கோட்பாடாக்கினார். முதலாவது: கோயிலுக்கு வருகிறவர்கள் ஒழுக்கபோதனைக்கோ ஆறுதலுக்கோ வரவில்லை, இதெல்லாம் உண்மைதானா என்ற கேள்வியோடு வருகிறார்கள், அதை வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான். இரண்டாவது: கடவுளைப் பற்றிப் பேசவேண்டிய கட்டாயம் போதகருக்கு இருக்கிறது, மனிதராக இருப்பதால் அவரால் அது முடியாது, இரண்டையும் ஒருசேர ஒப்புக்கொள்வதுதான் அவருடைய வேலை. அதாவது பீடத்தில் இருப்பவருக்கும் பெஞ்சில் இருப்பவருக்கும் கேள்வி ஒன்றுதான். பீடம் உயரமாக இருப்பதால் அந்த முடியாமை எல்லாருக்கும் தெரிகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதை 'சாட்சி' என்று நம்மூர் எழுப்புதல் கூட்டங்களில் நடப்பதோடு சேர்த்து யோசித்தால் வித்தியாசம் துலங்கும். 'நான் குடிகாரனாக இருந்தேன், நோயில் விழுந்தேன், ஆண்டவர் தொட்டார்' என்ற கதையாடலும் தனிமனிதத் தேடல்தான். பொய் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன் முடிவு முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. தேடல் ஒரு வார்ப்பாகிவிட்டது. கண்ணீர் எங்கே வரும், அல்லேலூயா எங்கே வரும் என்று ஒலிபெருக்கிக்காரருக்குக்கூடத் தெரியும். கேட்பவருக்கு 'ஆமென்' தவிர வேறு பதிலுக்கு அங்கே இடம் கிடையாது. பேசுகிறவரின் உருக்கம் இங்கே ஒரு புது அதிகாரமாகிறது: நான் அனுபவிச்சிருக்கேன், நீ யாரு கேக்க?

ஆகவே நேர்மை என்பதைப் பேசுகிறவரின் நெஞ்சுக்குள் தேடுவதில் பயனில்லை. கேட்பவருக்கு இல்லை என்று சொல்லும் சுதந்திரத்தை அந்தப் பேச்சு விட்டுவைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கம் உண்டு. போதகரின் யோக்கியதையில் செய்தி தொங்கவில்லை என்ற நிலைப்பாடு போதகருக்கு வசதியானதும்கூட. 1929 முதல் பார்த்தின் வீட்டிலேயே தங்கி அவருடைய பெரும் நூலுக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர் ஷார்லோட்டே ஃபான் கிர்ஷ்பாம். அது வெறும் பணி உறவல்ல, காதலும்கூட. மனைவி நெல்லியும் பிள்ளைகளும் அதே வீட்டில். இரண்டு பெண்கள் கொடுத்த விலையின் மேல் எழுந்த இறையியல் இது. கடவுள் முற்றிலும் வேறானவர், மனிதர் எல்லாரும் தீர்ப்பின் கீழ் என்று சொல்லும்போது, எல்லாரும் பாவிகள் என்ற பொதுமைக்குள் இவருடைய குறிப்பிட்ட பொறுப்பு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. பெண்ணியவாதிகள் இதைக் கேட்காமல் விடக்கூடாது; விடவும் இல்லை.

என்றாலும் அந்த இறையியல் ஒளிவிடமாக மட்டும் இருக்கவில்லை. மனிதக் குரல் எதையும் கடவுளின் குரலாக ஏற்கமாட்டேன் என்ற பிடிவாதம் 1934-இல் பார்மென் பிரகடனமாக நாஜி ஆதரவுக் கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுந்தது. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி தர மறுத்ததன் தொடர்ச்சியாக, 1935-இல் பான் பல்கலைக்கழக வேலை போயிற்று. 1954-இலிருந்து 1964 வரை அவர் பிரசங்கித்தது பெரும்பாலும் பாசல் நகரச் சிறைச்சாலையில். பார்த்தின் பிரசங்கம் கேட்கணும்னா குற்றம் செய்துவிட்டு உள்ளே போகணும் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்களாம். அந்தச் சிறு பிரசங்கங்கள் 1959-இல் தொகுப்பாக வந்தன. அங்கே கைதிகள் தனி ரகம் இல்லை. சிறைக்கு வெளியே இருப்பவனும் விடுதலை தேவைப்படுகிறவன் என்ற நிலையில் நின்று பேசுகிறார். ஸாஃபன்வில்லில் சபையாருக்குச் செய்தி சொன்னவர், இங்கே கைதிகளோடு சேர்ந்து அதைக் கேட்கிறவராக இருக்கிறார்.

விசுவாசம் இல்லாத நமக்கு இதில் என்ன இருக்கிறது? நம் மேடைகளும் பீடங்கள்தான். வரலாற்றின் பெயரால், மக்களின் பெயரால், விடுதலையின் பெயரால் நாம் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக நமக்கு மாநாடுகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் 'இதெல்லாம் உண்மைதானா தோழர்?' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டால் நம் அமைப்புகள் அவரை என்ன செய்கின்றன என்பதை வைத்துத்தான் நாம் எந்த வகைப் பிரசங்கிகள் என்று தீர்மானிக்க முடியும்.