அணியின் வாலில் ஒருவர்

மியான்மரின் கியாக்தான் படகுத்துறையில், ஆற்றின் நடுவே நிற்கும் யேலே பயா கோயிலுக்குப் போகிறவர்கள் கெளுத்தி மீன்களுக்கான தீனியைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பதைக் காணும்போதெல்லாம், இணையத்துக்கு நிரல் எழுதும் கலையில் 'அணி' என்று பெயர் பெற்ற, இதே போன்ற வரிசையான எளிய வஸ்துவை, கணக்கு வராது என்ற ஒரே சாக்கில் நம் இளைஞர்கள் அண்டாமலே இருக்கிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு மூளுகிறது.

அரிச்சுவடி இரண்டு மூச்சுக்குள் அடங்கிவிடும். இணைய நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் 'புஷ்' வரிசையின் வாலில் ஆளைச் சேர்க்கும். 'அன்ஷிஃப்ட்' தலையில் சேர்க்கும், நிற்பவர் அனைவரும் ஓரிடம் பின்வாங்குவார்கள். 'ஸ்ப்ளைஸ்' இடையில் நுழைக்கும். அவ்வளவுதான்.

ரசனை பிறப்பது புஷ்ஷுக்கும் 'கான்கேட்'டுக்கும் உள்ள பேதத்தில். புஷ் அதே வரிசையையே நீட்டுகிறது. ஆகையால் அவ்வணியை வேறொரு பெயரால் பற்றியிருக்கும் நிரலின் எந்த மூலைக்கும் புதியவர் தென்படுவார். கான்கேட்டோ மூலத்தைத் தொடாமல் புதிய அணியொன்றை வகுத்துத் தருகிறது. அதை ஒரு பெயரில் ஏந்திக்கொள்ளாவிட்டால் ஆற்றோடு போயிற்று. சேர்ப்பதும் ஓர் அணியாகவே இருந்தால், புஷ் அதை ஒரு குடும்பம் போல ஒரே அங்கமாக நிறுத்தும். கான்கேட் ஒரு படி பிரித்து ஆளாளாக நிறுத்தும்.

2015ஆம் ஆண்டில் மொழிக்குள் வந்த, அணியை விரித்துப் புதிய அணியில் இட உதவும் மூன்று புள்ளிப் பிரயோகத்தைக் கண்டு மயங்கி, எங்கும் எதற்கும் புதுப் பிரதி எடுப்பதே பரிசுத்தம் என்று பிரசங்கிக்கும் நவநாகரிகப் பண்டிதர்களின் ரசனை மேலோட்டமானது. பழைய அணியேதானா என்று பார்த்துத் திரையைப் புதுப்பிக்கும் ரியாக்ட் போன்ற கருவிகளில் பிரதி அவசியமே. ஆனால் வெறுமனே 1,000 பேரைச் சேர்க்கும் சுழலில் ஒவ்வொரு தடவையும் பிரதி எடுத்தால், ஏற்கெனவே நிற்பவர்களை 4,99,500 தடவை வீணாக நகலெடுத்தவராவோம். இதுவா சௌந்தரியம்?

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். புஷ் திருப்பித் தருவது அணியை அல்ல, அதன் புதிய நீளத்தை என்பதறியாமல், மூன்று பயணிகள் இருந்த அணிக்கு, ஒருவரைச் சேர்த்த புஷ்ஷின் விடையையே சூட்டிவிட்டு, பயணிகள் இருந்த இடத்தில் 4 என்ற எண் தனியே நிற்பதை ஓர் இரவு முழுதும் வெறித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த இரவுக்குப் பிறகுதான் எனக்கு ரசனை வந்தது.

இன்றிரவு மூன்று பெயர்களை ஓர் அணியாக எழுதுங்கள். முதலில் கான்கேட்டையும் பிறகு புஷ்ஷையும் பிரயோகித்து, ஒவ்வொரு முறையும் பழைய அணி நீண்டிருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள்.