காலியாக விட்ட ஒரு பத்தி

ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பேராசிரியர் பதவி இருக்கிறது: செவ்வியல் தொல்லியல் மற்றும் கலைக்கான லிங்கன் பேராசிரியர். லிங்கன் என்றதும் அமெரிக்க ஜனாதிபதியை நினைக்க வேண்டாம், அது அங்கே இருக்கும் ஒரு கல்லூரி. பழைய கிரேக்கக் கலையைக் கற்பிக்கும் பதவிகளில் இதற்குப் பெரிய மரியாதை உண்டு. பதவியின் பெயரில் தொல்லியலும் கலையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் நூற்று முப்பது வருஷத்துக்கும் மேலாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இழுபறி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

1885ல் முதலில் வந்த ராம்சே, இன்றைய துருக்கியில் ஊர் ஊராக அலைந்து கல்வெட்டு தேடியவர். சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விட்டார். 1887 முதல் 1925 வரை பெர்சி கார்ட்னர், நாணயங்களில் பெரிய ஆள். அடுத்து வந்த ஜான் பீஸ்லி 1956 வரை இருந்தார். அந்த 31 வருஷத்தில் இந்தப் பாடத்தின் முகமே மாறிவிட்டது.

பீஸ்லி என்ன செய்தார்? ஏதென்ஸ் நகரத்துப் பானைகளில் பெரும்பாலானவற்றில் வரைந்தவர் கையெழுத்து கிடையாது. பீஸ்லி ஒவ்வொரு பானையிலும் காது, கணுக்கால், முழங்கால், துணி மடிப்பு எல்லாவற்றையும் உற்றுப் பார்த்தார். ஓவியன் யோசிக்காமல், பழக்கத்தில் போடும் கோடுகள் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் அடிப்படை. இத்தாலிய ஓவியங்களுக்கு மொரெல்லி என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்திய வழி இது. இப்படிப் பிரித்துப் பிரித்து நூற்றுக்கணக்கான ஓவியர்களை பீஸ்லி கண்டுபிடித்தார். பெயர் தெரியாதவர்களுக்குத் தானே பெயர் வைத்தார்: பெர்லின் ஓவியர், பன்றி ஓவியர், முழங்கை நீட்டி. கருப்பு உருவப் பானைகளின் பட்டியல் 1956லும், சிவப்பு உருவப் பானைகளின் பெரிய பட்டியல் 1963லும் வந்தன. அவருடைய பெயரில் ஆக்ஸ்ஃபோர்ட் நடத்தும் தரவுத்தளத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பானைகள் இருக்கின்றன.

நான் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு தனி மனிதர் கம்ப்யூட்டர் இல்லாமல், கண்ணையும் ஞாபகத்தையும் மட்டும் வைத்து இவ்வளவு பெரிய வகைப்பாட்டைச் செய்தார் என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. என்னுடைய விமர்சனம் அவர் உழைப்பைப் பற்றியது இல்லை, அட்டவணையின் வடிவத்தைப் பற்றியது.

பீஸ்லியின் பட்டியலில் ஒரு பானைக்கு என்ன இருக்கும்? எந்த மியூசியம், என்ன எண், எந்தக் காட்சி. கிடைத்த இடம் தெரிந்தால் 'வுல்ச்சியிலிருந்து' என்பது போல ஒரு வார்த்தை. தெரியாவிட்டால் அந்த வார்த்தை இருக்காது, அவ்வளவுதான். வகைப்பாடு அதனால் நின்றுபோவதில்லை, ஏனென்றால் காதும் கணுக்காலும் பானையிலேயே இருக்கின்றன. எங்க வேலையில் இப்படி விடுபட்டுப்போகிற தகவல்தான் நிறையத் தொந்தரவு கொடுக்கும். 'தெரியாது' என்பதும் 'மறைத்துவிட்டார்கள்' என்பதும் வெளியே ஒரே மாதிரி தெரியும்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1972 ஒரு சாட்சி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் பத்து லட்சம் டாலருக்கு ஒரு ஒயின் கலக்கும் சாடியை வாங்கியது. யூஃப்ரோனியோஸ் வரைந்தது, கையெழுத்தோடு. போரில் இறந்த சார்பெடோனை உறக்கமும் மரணமும் தூக்கிச் செல்லும் காட்சி. பெய்ரூட் வியாபாரி ஒருவருடைய குடும்பச் சொத்து என்று பேப்பர் காட்டினார்கள். உண்மையில் 1971 கடைசியில் ரோமுக்குப் பக்கத்தில் செர்வெத்தேரியில் ஒரு எட்ரூஸ்கன் கல்லறையைக் கள்ளத்தனமாகத் தோண்டி எடுத்தது. வாங்கச் சொல்லி முன்னால் நின்ற கியூரேட்டர் டீட்ரிச் ஃபான் பாத்மர், ஆக்ஸ்ஃபோர்டில் பீஸ்லியிடம் படித்தவர். 2008ல் சாடி இத்தாலிக்குத் திரும்பியது.

இதற்கு பீஸ்லிதான் காரணம் என்று சொன்னால் அநியாயம். அவர் 1970லேயே காலமாகிவிட்டார். கல்லறைத் திருட்டு அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. ஆனால் யார் வரைந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்கும் படிப்பில், அந்தச் சாடிக்குப் பதில் கிடைத்துவிட்டது, திருப்தி. யாருடைய கல்லறை அது? கூட என்னென்ன வைத்திருந்தார்கள்? ஒரு கிரேக்கக் கதையின் மரணக் காட்சியை ஒரு எட்ரூஸ்கன் குடும்பம் ஏன் கல்லறைக்குள் கொண்டுபோனது? இந்தக் கேள்விகளுக்கான சாட்சியம் மண்வெட்டியோடு போய்விட்டது. சாடி திரும்பி வந்தும் அது திரும்பவில்லை.

பீஸ்லி முறையைக் கிரேக்கத்தின் சிக்லடிஸ் தீவுகளின் பளிங்குச் சிலைகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். கில், சிப்பிண்டேல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993ல் கணக்குப் பார்த்தபோது, தெரிந்த சிலைகளில் கிடைத்த இடம் உறுதியானவை ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மீதியில் எது போலி, எது அசல்? போலிகளையும் சேர்த்து ஒரு 'சிற்பி'யை உருவாக்கினால் அந்தச் சிற்பி யார்?

எதிர்க்கட்சியையும் கேட்க வேண்டும். 1978 முதல் 1994 வரை இந்தப் பதவியில் இருந்த ஜான் போர்ட்மேன், கிடைத்த இடம் தெரியாத பொருளும் நிறையச் சொல்லும், அதை ஒதுக்கி வைப்பது அறிவுக்கு நஷ்டம் என்று வாதாடினார். இவர் கியோஸ் தீவில் தானே அகழாய்வு செய்தவர், சும்மா சொல்லவில்லை. பாதி சரிதான். ஏற்கெனவே மியூசியத்தில் இருக்கும் பானையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வதால் யாருக்கும் லாபம் இல்லை. ஆனால் அறிஞர் பெயர் சூட்டியதும் பொருளின் விலை ஏறுகிறது என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டும் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நிக்கோஸ்தெனீஸ் நல்ல உதாரணம். ஏதென்ஸில் பட்டறை வைத்திருந்த குயவர். எட்ரூஸ்கன் பாத்திரத்தைப் பார்த்து, அகலமான பட்டைக் கைப்பிடியோடு ஒரு வகை ஜாடி செய்தார். கையெழுத்து இருப்பதால் யார் செய்தது என்பது தெரியும். அந்த ஜாடிகள் பெரும்பாலும் அதே செர்வெத்தேரியில் கிடைத்ததால், வெளியூர் வாடிக்கையாளர் ரசனைக்கு ஏற்றபடி ஏதென்ஸ் சரக்கு தயாரித்தது என்பதும் தெரிகிறது. ஒரு பத்தியை மட்டும் வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது.

போர்ட்மேனுக்கு அடுத்து 1995ல் வந்த ஆர்.ஆர்.ஆர். ஸ்மித், சிற்பக்கலை அறிஞர். துருக்கியில் அஃப்ரோடிசியாஸ் நகர அகழாய்வையும் நடத்தியவர். அங்கே சிலையைப் படிப்பது என்றால் அது எந்தக் கட்டிடத்தில், எந்தப் பீடத்தில், யார் செலவில் நின்றது என்று சேர்த்துப் படிப்பது. பதவியின் பெயரில் இருக்கும் இரண்டு வார்த்தைகளும் ஒன்றாக வேலை செய்வது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பீஸ்லியின் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம், அதில்லாமல் யாரும் ஒரு அடி நகர முடியாது. கிடைத்த இடம் இல்லாத ஒவ்வொரு பதிவிலும் 'ஏன் இல்லை' என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதை நிரப்பும் வேலையை முதல் வருஷ மாணவர்களிடம் கொடுத்துவிடலாம். கணுக்காலைப் பார்க்க அதற்கப்புறம் கற்றுக்கொள்ளட்டும்.